இரண்டரை மணிக்குத் திரும்புவது

பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் கோடையில் வருகிறவர்களில் பலர், ஒரு வருஷத்து மளிகையை ஒரே நாளில் வாங்கிப் போக வருகிறவர்கள். சனிக்கிழமைதோறும் கூடுகிற சந்தை அது. மாசி, பங்குனி வந்துவிட்டால் மல்லி, மிளகாய், சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு என்று அஞ்சறைப் பெட்டிக்குள் போகிற அத்தனையும் மூட்டை மூட்டையாக இறங்கும். வெளி மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்துவிடுவார்கள். சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த கடைக்கு நகர்கிற ஓர் அம்மாவைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும், திட்டமிடுதல் என்றால் என்னவென்று தெரிந்துவிடும். வீட்டில் எத்தனை பேர், எந்த மாதம் விசேஷம், மகள் பிரசவத்துக்கு வருகிறாளா, போன வருஷம் எது மிஞ்சிப் பூச்சி விழுந்தது, எல்லாமே அவர் கேட்கிற எடைக்குள் இருக்கிறது. எது வேண்டாம் என்பதும் இருக்கிறது.

சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து நாங்கள் நான்கு பேர் வெறும் இரண்டு நாளைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். வார இறுதியில் கொல்லிமலைக்கு பைக்கில் போவது. தார்ச் சாலையோடு நின்றுவிடாமல் மண் பாதைகளிலும் ஓட்டுவது. இந்தக் கால வழக்கில் ஆஃப்ரோடு ரைடு.

ஒருவன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். இன்னொருவனுக்குக் கோழிப்பண்ணை. மூன்றாமவன் வங்கி ஊழியன், ஊர் ஊராக மாற்றலாகி இப்போதுதான் சேலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். நான் ராசிபுரத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஒரே கல்லூரி விடுதி. எல்லாருக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இருவருக்குச் சர்க்கரை, ஒருவனுக்கு இடுப்பில் பெல்ட். வண்டிகள் மட்டும் இளமையாக இருக்கின்றன.

வண்டியைப் பற்றிப் பேசும்போது எங்களுக்குள் கருத்து வேறுபாடே வராது, அத்தனை சந்தோஷம். மண்ணில் இறங்குவதற்கு முன் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், அப்போதுதான் டயர் தரையை அகலமாகப் பிடிக்கும். திரும்பத் தார்ச் சாலை ஏறும்போது மறக்காமல் அடித்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கைப் பம்பு. மேடு பள்ளத்தில் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று ஓட்ட வேண்டும். வண்டி கீழே ஆடினாலும் உடம்பு ஆடாது. சறுக்கலில் பின் சக்கரத்து ஏபிஎஸ்ஸை அணைத்துவிடலாம். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கேதான் போகும், அதனால் குழியைப் பார்க்காதே, குழிக்குப் பக்கத்து வழியைப் பார். ஆளுக்கொரு யூடியூப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள் என்பதால் இதிலேயே இரண்டு சுற்று டீ முடிந்துவிட்டது.

வழியும் சுலபமாக முடிவாகிவிட்டது. சனிக்கிழமை விடிகாலையில் பேளுக்குறிச்சியில் கூடுவது. காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. சோதனைச் சாவடி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சோளக்காடு, செம்மேடு. ராத்திரி அங்கே தங்கல். ஞாயிறு காலை வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு என்று ஊர்களுக்கு இடையே ஓடுகிற மண் பாதைகள். மாலை இறக்கம்.

அப்போதுதான் கோழிப்பண்ணைக்காரன் கேட்டான். "அது சரி மாப்ள, ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குத் திரும்பறோம்?"

"மேல போயிப் பாத்துக்கலாம்டா. இன்னும் கெளம்பவே இல்ல, திரும்பறதப் பத்திப் பேசறான் பாரு" என்று பட்டறைக்காரன் சிரித்தான்.

"கோழிக்கு ஞாயித்துக்கெழம கெடையாது மாப்ள."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று பேசியதில் திட்டம் என்று சொல்லத் தகுந்தது அந்த ஒரு கேள்விதான் என்று எனக்குப் பட்டது. மற்றதெல்லாம் ஆசையின் விவரங்கள்.

மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மேலே போன பிறகும் நாம் இதே ஆளாகத்தான் இருப்போம், இதே நிதானத்தோடு யோசிப்போம் என்ற நம்பிக்கை. அனுபவத்தில் அப்படி இருப்பதில்லை. விடுப்பு எடுத்தாயிற்று, வீட்டில் அனுமதி வாங்கியாயிற்று, பெட்ரோலுக்கும் அறைக்கும் பணம் போயிற்று, அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லியும் ஆயிற்று. வழியில் ஓர் ஓடை வருகிறது, தண்ணீர் நினைத்ததைவிட வேகமாக ஓடுகிறது. அந்த இடத்தில் நின்று "போதும், திரும்பலாம்" என்று முதலில் சொல்கிறவன் யார்? நான்கு பேருக்கும் அந்த எண்ணம் வந்திருக்கும். நான்கு பேரும் அடுத்தவன் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்தவன் முகத்தில் ஹெல்மெட் இருக்கும்.

இதைப் பற்றி 1974இல் ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். டெக்சாஸில் கோல்மன் என்ற சிற்றூர். கொளுத்துகிற பிற்பகலில் ஒரு குடும்பம் வீட்டு வாசலில் டாமினோ ஆடிக்கொண்டிருக்கிறது. 53 மைல் தள்ளி இருக்கிற ஆபிலீனுக்குப் போய்ச் சாப்பிடலாமா என்கிறார் மாமனார். காரில் ஏசி கிடையாது. மகள் நல்ல யோசனை என்கிறாள். மருமகன், மாமியாருக்குச் சரியென்றால் எனக்கும் சரி என்கிறார். மாமியார், ஆபிலீன் போய் எவ்வளவு நாளாயிற்று என்கிறார். புழுதியில் வெந்து, மோசமான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிய பிறகு தெரிகிறது, நான்கு பேரில் ஒருவருக்கும் போக விருப்பம் இருந்திருக்கவில்லை. முதலில் கேட்ட மாமனாரே, மற்றவர்களுக்குப் பொழுது போகவில்லையோ என்று நினைத்துக் கேட்டவர்தான். மேலாண்மைப் பாடங்களில் இதை ஆபிலீன் முரண் என்பார்கள். நம் ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு இப்படித்தான் வேன் பிடித்துப் போகிறோம். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒத்துப்போவது கெட்ட குணமல்ல. ஒருவனுக்காக ஒருவன் விட்டுக்கொடுக்காத நட்பு இத்தனை வருஷம் தாங்கியிருக்காது. ஆனால் மலைப்பாதையில் நான்கு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால், எவரும் விரும்பாத இடத்தில் போய் நிற்பார்கள். சண்டைக்காரர்களுக்கு இந்த ஆபத்து வருவதில்லை.

திரும்புவதற்கு நம் மரபும் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டுவிட்டதே என்று நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான். அவன் ஒன்றும் புறங்காட்டி ஓடவில்லை. மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியாக வெளியே வந்ததால் ஏற்பட்ட புண் அது என்பார்கள். அப்படியிருந்தும் முதுகுக் காயம் முதுகுக் காயம்தான். புலவர்கள் அவனைப் பாடினார்கள், நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். நாங்கள் ஏறப்போகிற மலையே ஒரு போர்ச் சொத்துத்தான். கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியைக் காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஒவ்வோர் ஆடியிலும் செம்மேட்டில் அரசு ஓரிக்கு விழா எடுக்கிறது. வென்றவனுக்கு இல்லாத விழா தோற்றவனுக்கு இருப்பது இந்த மலையின் பெருந்தன்மை. ஆனால் அவனும் நின்று செத்தவன். அன்று போதும் என்று வில்லைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போன வீரன் யாராவது இருந்திருப்பான். அவனைப் பற்றிப் பாட்டு இல்லை.

இது தமிழர் பழக்கம் மட்டும் இல்லை. 1996 மே 10 அன்று எவரெஸ்ட்டில் நடந்ததைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. பிற்பகல் இரண்டு மணிக்குள் உச்சியை எட்டாதவர்கள் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சு அந்தக் குழுக்களில் இருந்தது. இரண்டு மணி தாண்டியும் பலர் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அனுபவம் மிக்க வழிகாட்டி ராப் ஹால், நான்கு மணி வாக்கில் உச்சிக்கு வந்து சேர்ந்த தன் வாடிக்கையாளருக்காக அங்கேயே காத்திருந்தார். மாலையில் புயல் பிடித்துக்கொண்டது. ஹால் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். அதே அணியில் ஹட்சிசன், டாஸ்கே, காசிஷ்கே என்று மூன்று பேர் இருந்தார்கள். முன்னால் நெரிசல், கணக்குப் போட்டால் நேரத்துக்குள் எட்ட முடியாது என்று தெரிந்ததும், வெயில் நன்றாக இருக்கும்போதே, முற்பகலிலேயே திரும்பிவிட்டார்கள். உச்சி வெகு தொலைவில் இல்லை. கட்டிய பணமோ பெரும் பணம். ஹால் பெயரை மலையேற்றம் பிடிக்காதவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். அந்த மூன்று பெயர்களை நான் தேடித்தான் நினைவில் வைத்துக்கொண்டேன்.

அந்த மூவருக்கும் மற்றவர்களைவிடத் தைரியம் குறைவு என்று சொல்ல முடியாது. அறிவு அதிகம் என்றும் தோன்றவில்லை. தாங்கள் அடிவாரத்தில் ஒப்புக்கொண்ட ஒரு மணிக்கணக்கை மேலேயும் நம்பினார்கள். அந்த உயரத்தில் பிராணவாயு குறைந்த மூளையைவிட, கீழே நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது போட்ட கணக்கு மேல் என்று நம்பினார்கள். கொல்லிமலை ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம்தான், பிராணவாயுவுக்குக் குறைவில்லை. ஆனால் நண்பர்கள் கூட இருக்கும்போது நாற்பத்தைந்து வயது மூளைக்கு என்ன ஆகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். இருபது வயதாகிவிடுகிறது.

குரங்கணியையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2018 மார்ச் 11, தேனி மாவட்டத்து மலைச் சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களும் ஒரு வார இறுதிக்குக் கிளம்பியவர்கள்தான். அந்தத் துயரத்தை வைத்து யாருக்கும் பாடம் நடத்த எனக்கு மனமில்லை. எங்கள் திட்டத்தில் அதனால் இரண்டு விஷயங்கள் மாறின. காடு காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் போவதில்லை. காப்புக்காட்டுக்குள் சக்கரம் வைப்பதில்லை. 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம் என்பது ஒரு காரணம். புகை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். பட்டறைக்காரன் கைப்பேசியில் காட்டிய வரைபடத்தில் ஓர் ஒற்றைக் கோடு பச்சைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை முதலில் அடித்தோம்.

மிச்சம் இருப்பவை ஊர்ப் பாதைகள். அவற்றைப் பற்றிக் கேட்கச் சந்தையே போதும். மலையிலிருந்து மிளகு கொண்டு வந்திருந்த ஒருவரிடம், மழைக் காலத்தில் அந்தப் பக்கத்து மண் ரோட்டில் வண்டி போகுமா என்று கேட்டேன். என் வண்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"போவுங்க. நாங்க எக்ஸெல்லுலயே போறமே. ரொம்ப மழையின்னா போறதில்லீங்க. தெரிஞ்சவங்க ஊட்டுல வண்டியப் போட்டுட்டு நடந்துருவோம். ரெண்டு நா வெயிலடிச்சதும் வந்து எடுத்துக்கறது."

"பாதி வழியில மழ புடிச்சிட்டா?"

"பாதி வழியிலயே போட்டுட்டு நடக்கறதுதானுங்க."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வீரமும் இல்லை, வெட்கமும் இல்லை. மிளகு விலையைப் பற்றிப் பேசுகிற அதே குரல். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. அதன் வாரிசான எக்ஸெல்லில் வாழைத்தாரும் உர மூட்டையும் கட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட 200 கிலோ எடையுள்ள எங்கள் ஹிமாலயன் பைக் தயங்கும் பாதையில் இவர்கள் தினசரி போய் வருகிறார்கள். நாங்கள் பணம் செலவழித்துத் தேடுகிற கரடுமுரடு இவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற வழி, ஆஸ்பத்திரி போகிற வழி. அந்தப் பாதையில் வண்டித் தடம் ஆழமாக விழுந்திருப்பதற்கும் காரணம் உண்டு. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில், சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி ஏறியது. கிழங்குப் பாரம் ஏற்றிய வண்டிகள் ஈர மண்ணை உழுதுவிட்டுப் போகின்றன. விட்டுப்போன சிறுதானியங்களை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே வேலை செய்கிறது. மரவள்ளி லோடு கிழித்த பள்ளத்தில் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று ஓட்டிவிட்டுச் சாகசம் என்று நாங்கள் படம் பிடித்துப் போடுவோம். இதில் குற்றவுணர்ச்சி கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அந்தக் குற்றவுணர்ச்சியால் அவர்களுக்கு ஒரு லோடு ஜல்லிகூட வந்து சேராது. கஷ்டத்தைத் தேடிப் போகிறவனுக்கும் கஷ்டத்திலேயே இருக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்காமல் இருந்தால் போதும். அந்த வித்தியாசம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனால் தெரிந்துவிடும், நாங்கள் இறங்கிவிடுவோம்.

ஆனால் திரும்புவதில் அவர் எங்களைவிட எவ்வளவு தேர்ந்தவர் என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தினமும் அதே பாதையில் போகிறவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வண்டியைப் போட்டுவிட்டு நடக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவனுக்குத்தான் இன்றைக்கே, இப்போதே, கடைசி வரைக்கும் என்கிற பதற்றம்.

இது பைக்கோடு நிற்கிற விஷயமும் இல்லை. திரும்புவதைப் பற்றிப் பேசியதற்கு முதலில் சிரித்த பட்டறைக்காரனே இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம். சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் இரண்டாவது பட்டறை தொடங்கினான். ஆர்டர் வந்தது, நின்றது, கொஞ்சம் வந்தது, மறுபடி நின்றது. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், முழுசாக நின்றுபோகிற வியாபாரம் ஆளைக் கொல்லாது. அவ்வப்போது மூச்சு விடுகிற வியாபாரம்தான் வீட்டையும் தோட்டத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஒருநாள் சட்டென்று மூடிவிட்டான். எல்லோருக்கும் ஆச்சரியம். பிறகு சொன்னான்: "மூணு மாசம் தொடர்ந்து வாடகைய கைக்காசுலருந்து கட்டுனா ஷட்டர எறக்கிடணும்னு மொத நாளே டைரில எழுதி வச்சிருந்தேன் பங்காளி. எழுதலைன்னா எறக்கியிருக்க மாட்டேன்." சொந்தக்காரர்கள் ஒரு வருஷம் பேசினார்கள். முதல் பட்டறை இன்றும் நடக்கிறது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் நான் பார்த்த நஷ்டங்களில் பெரும்பாலானவை தொடங்கியதால் வந்தவை அல்ல. எப்போது நிறுத்துவது என்று தொடங்கும்போது யோசிக்காததால் வந்தவை. வட்டிக்கு வாங்கி நகை மீட்பது, தம்பிக்கு ஜாமீன் நிற்பது, பையனுக்குப் பிடிக்காத படிப்பை நாலாவது வருஷமும் இழுப்பது, எல்லாவற்றிலும் திரும்புவதற்கு ஒரு நேரம் இருந்திருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் வங்கிக்காரன் மடக்கினான். "அப்பறம் எதத்தான்டா முழுசா செய்யறது? எல்லாத்துலயும் திரும்பற நேரம் வச்சா ஒருத்தனும் ஒண்ணும் சாதிக்க முடியாது."

நியாயமான கேள்வி. 2015இல் டக்கார் ரேலியை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ். தென் அமெரிக்கப் பாலைவனத்திலும் மலையிலும் இரண்டு வாரம் ஓட்டி, 36ஆவதாக வந்தார். கணக்குப் பார்த்துத் திரும்புகிற ஆள் அதை முடித்திருக்க முடியாது. அந்தப் பந்தயம் பிறந்த கதையே அப்படித்தான். தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977இல் ஒரு ரேலியின்போது லிபியப் பாலைவனத்தில் வழி தவறிப் பிழைத்து வந்தார். வந்தவர் இனி பாலைவனமே வேண்டாம் என்று சொல்லாமல் அடுத்த வருஷக் கடைசியில் பாலைவனத்தின் வழியாகவே ஒரு பந்தயம் நடத்தினார். பிடிவாதம் இல்லாமல் உலகம் நடக்காது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

ஆனால் அந்தப் பந்தயத்திலேயே எனக்குப் பிடித்த ஒரு விதி இருக்கிறது. வழியில் விழுந்து கிடக்கிற போட்டியாளனுக்காக வண்டியை நிறுத்தினால், நின்ற நேரத்தை உன் கணக்கில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நொடிக் கணக்கில் போட்டி போடுகிறவர்கள் அத்தனை பேரும் ஒப்புக்கொண்ட விதி. வங்கிக்காரனுக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது. எந்த விஷயத்தில் திரும்பலாம், எதில் கூடாது என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாதையிலிருந்து திரும்பலாம், வியாபாரத்திலிருந்து திரும்பலாம். படுக்கையில் கிடக்கிற அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கு எந்த டைரியிலும் மணி குறித்து வைக்க மாட்டோம். தன் அப்பாவுக்கு முடியாமல் போன கடைசி வருஷங்களில், பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊரோடு இருந்தவன்தான் வங்கிக்காரன். அதை அவனுக்கு நினைவுபடுத்தவில்லை. அவனே டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நண்பர்களோடு போவதன் அர்த்தமும் இதற்குள்ளேதான் வருகிறது. தனியாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் 200 கிலோ வண்டி சரிவில் காலுக்கு மேல் சாய்ந்துவிட்டால், அதைத் தூக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டும். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை, வெறும் எடைதான். அந்தக் கை நம்மைக் கிண்டல் செய்துகொண்டே தூக்கினாலும் பரவாயில்லை. "ஏன்டா அங்க போன?" என்று வீட்டுக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிற கையாக இருந்தால்தான் யோசனை. அப்படிப்பட்டவர்களோடு போனால் விழுந்தவன் வலியை மறைப்பான். களைத்தவன் களைக்கவில்லை என்பான். சர்க்கரை இறங்கிக் கை நடுங்குகிறவன் மிட்டாயை எடுக்க வண்டியை நிறுத்த மாட்டான்.

ஆகவே சில ஒப்பந்தங்கள் போட்டோம். நிறுத்து என்று சொல்கிறவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குக் காரணம் கேட்கக் கூடாது, அடுத்த வாரம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். மெதுவாக ஓட்டுகிறவன் இரண்டாவதாகப் போவான். கடைசியில் விட்டால் அவன் எட்டிப் பிடிக்கப் பார்த்துத்தான் விழுவான். கடைசியில் வருகிறவனிடம் பம்பும் மருந்துப் பையும் இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் பின்னால் வருகிறவன் கண்ணாடியில் தெரிகிறவரை முன்னால் போகிறவன் நகரக் கூடாது. இறங்கும்போது ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இது எங்கள் பெருந்தன்மை இல்லை, வாகன ஓட்டுதல் விதிமுறையிலேயே இருக்கிறது. சிமெண்ட்டும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வளைவில் திணறுகிற லாரியை நடுவில் நிறுத்தவைத்தால் என்ன ஆகும் என்று லாரி கட்டுகிறவனிடம் கேட்டால், அரை மணி நேரம் விளக்குவான்.

மணி விஷயத்தில்தான் பேரம். கோழிப்பண்ணைக்காரன் பகல் ஒரு மணி என்றான், பட்டறைக்காரன் நாலு என்றான். பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். 70 வளைவையும் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும், பனி மூட்டம் வந்தால் வேகம் பாதியாகும். செம்மேடு வந்து டயருக்குக் காற்றடித்து, ஒரு டீ குடித்து, பிரேக்கைப் பார்க்க ஒரு மணி நேரம். மண் பாதையில் போன நேரமே திரும்பவும் ஆகும், களைப்பினால் கூடவே ஆகும். ஒரு பஞ்சருக்கு அரை மணி; எங்கள் டயர்களில் ட்யூப் இருப்பதால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். எல்லாம் கழித்தால் எங்கே இருந்தாலும் இரண்டரைக்கு வண்டியைத் திருப்ப வேண்டும் என்று வந்தது. அடுத்த மேட்டுக்கு அந்தப் பக்கம் அருவியே தெரிந்தாலும் இரண்டரைதான். கடிகாரத்தைப் பார்க்கும் பொறுப்பு கோழிப்பண்ணைக்காரனுக்கு. அவனுக்கு எப்படியும் பண்ணையின் நினைப்பாகவே இருக்கும்.

ஒன்று மட்டும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மலையில் மழை பெய்கிறது என்று தெரிந்தால் பயணத்தையே விட்டுவிடுவது, அதையும் ஒருவன் சொன்னாலே போதும் என்று வைத்துக்கொள்ளலாமா என்றேன். பட்டறைக்காரன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். போயிட்டுத் திரும்பறது வேற. இப்படியே போனா ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் எவனாவது ஒருத்தன் வீட்டு மொட்டை மாடியில நின்னு வானத்தப் பாத்து வேண்டாம்பான். எத்தன வருஷமா அப்படித்தான்டா இருக்கோம்."

யாருக்கும் உடனே பதில் வரவில்லை. கல்யாணம், வேலை, பிள்ளைகள், பரீட்சை, யாருக்காவது காய்ச்சல் என்று இந்தப் பயணம் தள்ளிப்போன கதையை எழுதினால் இதைவிட நீளமாக வரும். கிளம்பிவிட்டுத் திரும்புவதற்கு ஒரு விதி எழுத முடிந்தது. கிளம்பாமல் இருப்பதற்கும் அதே விதியைக் கொடுத்தால் நாங்கள் கிளம்பவே மாட்டோம் என்று அவன் சொல்வதை மறுக்க என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. மழை பெய்தால் என்னதான் செய்வது என்று வங்கிக்காரன் கேட்டான். பேளுக்குறிச்சி வரைக்கும் வருவோம், அங்கே உட்கார்ந்து முடிவு செய்வோம், மலை இல்லையென்றால் கூவைமலை முருகனையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்றான் பட்டறைக்காரன். கோழிப்பண்ணைக்காரன் அதற்கு எத்தனை மணி ஆகும் என்று கேட்டான்.